வில் ஸ்மித் முதல் ஸ்டீவ் ஸ்மித் வரை... எங்கே பார்த்தாலும் 'ஸ்மித்' ஏன்? ஒரு கொல்லுப்பட்டறைப் பெயர் உலகம் சுற்றிய கதை!

கிரிக்கெட் பார்க்கும் நண்பரிடம் போய், "ஸ்மித் செமயா ஆடுவாருல்ல?" என்று சொல்லிப் பாருங்கள். "எந்த ஸ்மித்?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித், தென்னாப்பிரிக்காவின் முன்னாள் கேப்டன் கிரேம் ஸ்மித், இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஜேமி ஸ்மித், 2014-ல் மெக்கல்லத்தோடு சேர்ந்து நம்ம சிஎஸ்கே-வுக்கு ஓப்பனிங் இறங்கிய வெஸ்ட் இண்டீஸ் வீரர் டுவைன் ஸ்மித்... லிஸ்ட் போய்க்கொண்டே இருக்கும்.

மைதானத்தை விட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான். ஹாலிவுட்டில் வில் ஸ்மித். ஹாரி பாட்டர் படங்களில் மெக்கானகல் டீச்சராக வந்த மேகி ஸ்மித். எகனாமிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் ஆடம் ஸ்மித். 'மேட்ரிக்ஸ்' படத்தின் வில்லன்கூட ஏஜென்ட் ஸ்மித்தான்!

இவர்களெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. நாடு வேறு, நிறம் வேறு, பின்னணி வேறு. ஆனால், பெயரின் வால் மட்டும் ஒன்று. அது எப்படி? அவ்வளவு பெரிய குடும்பமா அது?

இல்லை. ஸ்மித் என்பது ஒரு குடும்பமே இல்லை. பல நூற்றாண்டுகளாக, பல வாசல்கள் வழியாக, பல விதமான மனிதர்கள் வந்து சேர்ந்த ஒரு பெரிய கூடம் அது. சிலர் தொழிலால் வந்தார்கள். சிலர் பயத்தால் வந்தார்கள். சிலரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஒவ்வொரு வாசலாகப் பார்க்கலாம், வாங்க.

பெயர் பிறந்த இடம்... பட்டறை!

ஸ்மித் என்றால் பழைய ஆங்கிலத்தில் உலோக வேலை செய்பவர். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் நம் ஊர்க் கொல்லர் மாதிரி. தங்கத்தில் வேலை செய்தால் கோல்டுஸ்மித், பூட்டு செய்தால் லாக்ஸ்மித். வெறுமனே ஸ்மித் என்றால் பெரும்பாலும் இரும்புக்கொல்லர்தான். 'அடி' என்று அர்த்தம் தரும் 'ஸ்மைட்' என்ற ஆங்கில வார்த்தையிலிருந்து இது வந்ததாகச் சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. ஜெர்மன், டச்சு போன்ற மொழிகளோடு ஆங்கிலத்துக்கு இருக்கும் பழைய உறவிலிருந்து வந்த வார்த்தை இது. அதனால்தான் ஜெர்மனியில் ஷ்மிட், நெதர்லாந்தில் ஸ்மிட் என்று அச்சு அசலாக இதே பெயர் இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தப் பெயர் எழுத்தில் பதிவான மிகப் பழைய இடங்களில் ஒன்று, நாட்டின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் பகுதி. சுமார் 975-ம் ஆண்டைச் சேர்ந்த பதிவில் எக்கியார்ட் ஸ்மித் என்று ஒருவர் வருகிறார். ராஜராஜ சோழன் அரியணை ஏறுவதற்கும் 10 வருடம் முன்பு! அப்போது அது குடும்பப் பெயர் அல்ல. 'கொல்லர் எக்கியார்ட்' என்று ஆளை அடையாளம் சொல்வதற்கான பட்டம், அவ்வளவுதான். அவர் மகன் வேறு தொழிலுக்குப் போயிருந்தால் அவனுடைய பட்டமும் மாறியிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். அந்தக் காலத்தில் ஊரில் பெரும்பாலானோர் விவசாயிகள்தானே? அப்படியென்றால் உலகம் முழுக்க 'ஃபார்மர்'தானே அதிகம் இருக்க வேண்டும்? ஏன் ஸ்மித்?

பதில் ரொம்ப சிம்பிள். பட்டப்பெயர் என்பது ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. ஊரே உழவு செய்யும் இடத்தில் 'உழவர் ஜான்' என்றால் யாரென்று தெரியும்? ஆனால், ஒரு கிராமத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கொல்லர்தான். 'கொல்லர் ஜான்' என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். கலப்பைக் கொழு, அரிவாள், குதிரை லாடம், கதவுக் கீல், ஆணி, வாள் என எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். கொல்லர் இல்லாத ஊர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆள் வீதம், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஸ்மித்கள், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாமல் உருவானார்கள்.

வரி வசூலிக்க வந்தவர் வைத்த பெயர்

சரி, பட்டம் எப்படிப் பரம்பரைப் பெயராக மாறியது? இதற்கு 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலத்துக்குப் போக வேண்டும். அவர்கள் வந்த பிறகு பழைய ஆங்கிலேயப் பெயர்கள் மெதுவாக வழக்கொழிந்தன. வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், பிறகு ஜான் என்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களையே எல்லாரும் வைக்க ஆரம்பித்தார்கள். தெருவில் நின்று 'ஜான்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கூடவே ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

அந்த அடையாளங்கள் நாலு விதம். அப்பா பெயரைச் சேர்ப்பது ஒன்று. ஜான்சன் என்றால் ஜானின் மகன். இடத்தைச் சேர்ப்பது இரண்டு. ஹில், வுட், ஃபோர்டு எல்லாம் மலை, காடு, ஆற்றைக் கடக்கும் துறை. ஆளின் தோற்றத்தைச் சேர்ப்பது மூன்று. பிரவுன், லாங், ஷார்ட் இப்படி வந்தவை. நாலாவது, தொழில்.

தொழில் பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும், கவனித்திருக்க மாட்டீர்கள். ஜோஃப்ரா ஆர்ச்சர் என்றால் வில்லாளி. அலஸ்டர் குக், சமையல்காரர். ஜோஸ் பட்லரின் பெயர், மதுக்குடுவைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட வேலையாளின் பெயர். டங்கன் ஃபிளெட்சர், அம்பு செய்பவர். ஹாரி பாட்டர்? பானை செய்பவர்! டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் பெயர்கூட, 'தையல்காரர்' என்ற குடும்பப் பெயர் பின்னாளில் முன்னால் வந்து உட்கார்ந்ததுதான்.

வாயால் கூப்பிடும்வரை பட்டம் மாறிக்கொண்டே இருக்கலாம். எழுதிவிட்டால்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1377-ல் இங்கிலாந்து அரசு, பிரான்ஸோடு நடந்த நீண்ட போருக்குப் பணம் தேடி தலைவரி போட்டது. 14 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் எல்லாரும் தலைக்கு 4 பென்ஸ் கட்ட வேண்டும். 1379-ல் மறுபடி ஒரு வரி. அடுத்து வந்ததில் தலைக்கு 12 பென்ஸ், அதாவது மூன்று மடங்கு. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுக்கப்பட்டது. பட்டியலில் ஒரே ஊரில் ஐந்து ஜான் இருந்தால் வசூலிக்க வருபவருக்குத் தலைவலி. ஆக, ஆளுக்கு ஓர் அடைமொழி ஏட்டில் ஏறியது. அந்த வரி மக்களை எந்த அளவுக்குக் கொதிக்க வைத்தது என்றால், 1381-ல் பெரிய விவசாயிகள் கிளர்ச்சியே வெடித்தது. அதன் தலைவர் பெயர் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவர்!

சுமார் 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் பரம்பரையாகிவிட்டது. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறக்கும்போது ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை என மூன்று முறை எழுதப்பட்ட பெயர் அப்புறம் எங்கே மாறும்? கொல்லரின் மகன் தையல்காரர் ஆனாலும் அவர் ஸ்மித்தான். 18-ம் நூற்றாண்டில் ஆடம் ஸ்மித் பிறந்தபோது இந்தப் பெயருக்கும் சம்மட்டிக்கும் சம்பந்தமே இல்லை. அவர் அப்பா சுங்கத்துறை அதிகாரி.

ஸ்மித், ஸ்மைத் என்று எழுத்து வித்தியாசத்தோடு பார்த்திருப்பீர்கள். 'வேற ஜாதி பாஸ் இது, நாங்க பெரிய இடம்' என்கிற மாதிரி சிலர் ஸ்மைத் என்று நீட்டிச் சொல்வதும் உண்டு. உண்மையில், ஆங்கிலத்துக்கு நிலையான ஸ்பெல்லிங் இல்லாத காலத்தில் எழுதுகிறவர் கைக்கு வந்தபடி எழுதியதன் மிச்சம்தான் அது.

எல்லா ஸ்மித்தும் பங்காளிகளா?

இதை டி.என்.ஏ வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமை, 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்கள் கொண்ட 1,600-க்கும் அதிகமான ஆண்களிடம் ஒப்பிட்டார்கள். அங்கே குடும்பப் பெயரும் அப்பா வழியாகத்தானே போகிறது? அதனால்தான் இந்தச் சோதனை.

அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் பெரும்பாலானோருக்கு ஒரே வகை குரோமோசோம் இருந்தது. அதாவது, எங்கோ ஒரே ஒரு மூதாதையரிடமிருந்து வந்தவர்கள். ஆனால் ஸ்மித்? தெருவில் போகிற வருகிற ஆண்களில் யாரையோ இரண்டு பேரைப் பிடித்து ஒப்பிட்டால் எவ்வளவு வித்தியாசம் இருக்குமோ, அவ்வளவு வித்தியாசம் இரண்டு ஸ்மித்களுக்கு நடுவிலும் இருந்தது. பெயர் ஒன்று, ரத்தம் வேறு வேறு.

ஃபெராரியும் ஒரு ஸ்மித்தான்!

கொல்லர் இல்லாத நாடு உண்டா? அதனால், ஐரோப்பாவில் கிட்டத்தட்ட ஒவ்வொரு மொழியிலும் ஒரு 'ஸ்மித்' இருக்கிறார். போலந்தில் கோவல்ஸ்கி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்நெட்சோவ், பிரான்ஸில் லெஃபெவ்ர், ஸ்பெயினில் ஹெர்ரேரா. அரபு மொழியில் ஹத்தாத். இத்தாலியில்? ஃபெராரி! ஆமாம், பசங்க போஸ்டரில் ஒட்டி வைத்திருக்கும் அந்த சிவப்பு நிறக் காரின் பெயர், தமிழில் சொன்னால் 'கொல்லர்' கார்தான். நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் குடும்பப் பெயர் அது.

இந்தப் பெயர்களில் பல, ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் போனதும் 'ஸ்மித்' ஆகிவிட்டன. ஸ்மித் கூடத்தின் இரண்டாவது வாசல் இதுதான். அயர்லாந்தில் 'கொல்லரின் மகன்' என்று பொருள்படும் மக் கவன் என்ற பெயர், ஆங்கிலேயர் ஆட்சியில் சில இடங்களில் மக்கோவன் ஆனது. கேவன் மாவட்டத்தில் பெரும்பாலும் ஸ்மித் என்றே மொழிபெயர்க்கப்பட்டது. ஆங்கிலேய ரத்தம் ஒரு துளி இல்லாத ஐரிஷ் விவசாயி, ஏட்டில் ஸ்மித் ஆனார்.

அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் கதையும் இப்படித்தான். 'நியூயார்க்கில் எல்லிஸ் தீவில் இறங்கியதும் அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள்' என்று சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். அது கட்டுக்கதை. கப்பல் கம்பெனிகள் புறப்படும் துறைமுகத்திலேயே தயாரித்த பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பதுதான் அங்கே இருந்த அதிகாரிகளின் வேலை. பெயரை மாற்றியவர்களில் பலர் பிறகு தாங்களே மாற்றிக்கொண்டார்கள். வேலை கிடைக்க, பள்ளியில் பிள்ளைகளைக் கிண்டல் செய்யாமல் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகமாகப் பார்க்காமல் இருக்க.

அந்தச் சந்தேகம் உச்சத்துக்குப் போனது முதல் உலகப்போரில். 1917-ல் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா போரில் இறங்கியதும், ஜெர்மன் பெயர் வைத்திருப்பதே வம்பானது. நிறைய ஷ்மிட்கள் ஸ்மித் ஆனார்கள். சாமானியர்களை விடுங்கள்... அதே 1917-ல் பிரிட்டிஷ் அரச குடும்பமே சாக்ஸ்-கோபர்க்-கோதா என்ற தன் ஜெர்மன் பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு 'வின்ட்ஸர்' ஆனது. ராஜாவுக்கே அந்த நிலைமை!

மூன்றாவது வாசல்: சங்கிலி

இப்போது டுவைன் ஸ்மித்துக்கு வருவோம். அவர் பார்படோஸ்காரர். அவருடைய குடும்பத்தின் கதை நமக்குத் தெரியாது, அது அவர் சொந்த விஷயம். ஆனால், கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இத்தனை பேருக்கு ஸ்மித், கிளார்க், வில்லியம்ஸ் என்று ஆங்கிலப் பெயர்கள் எப்படி வந்தன என்பது வரலாறு. ஐபிஎல் பார்க்கும்போது இதை நாம் யோசித்திருக்கவே மாட்டோம்.

17-ம் நூற்றாண்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்களை ஆங்கிலேயர்கள் கப்பல் கப்பலாகப் பிடித்து வந்தார்கள். அவர்களுக்கும் பெயர் இருந்தது. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர், எந்த இனம், எந்த நாளில் பிறந்தவர் என்றெல்லாம் சொல்லும் பெயர். அது கப்பலோடு போயிற்று. தோட்டக் கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். மாடு, குதிரை, கொதிகலன் வரிசையில் அவர்களும் ஒரு சொத்து.

1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1834 ஆகஸ்ட் 1-ல் அது நடைமுறைக்கு வந்தாலும், 'தொழில் பயிற்சி' என்ற பெயரில் கட்டாய வேலை தொடர்ந்தது. முழு விடுதலை 1838-ல்தான். இதில் கொடுமை என்ன தெரியுமா? அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது... அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் இந்த இழப்பீட்டு ஆவணங்களை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி தொகுத்து வைத்திருக்கிறது. பணம் கேட்டவர்களின் பெயர் அதில் முழுதாக இருக்கிறது. யாருக்காகப் பணம் கேட்டார்களோ, அவர்கள் அதில் தலை எண்ணிக்கை.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். உரிமையாளரின் பெயர், அதற்குக் கீழே ஒவ்வொருவரின் வயது, பாலினம், நிறம். பெயர் போடும் இடத்தில் வெறும் எண். உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870 கணக்கெடுப்பில்தான் கறுப்பின மக்கள் எல்லாரும் முதல் முறையாக முழுப் பெயரோடு எழுதப்பட்டார்கள். இன்றும் தன் முன்னோர்களைத் தேடும் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் 1870 வரை போய், அங்கே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்கு முன்னால் போக வேண்டும் என்றால், தன் குடும்பத்தை விலைக்கு வாங்கியவரின் குடும்பப் பெயரைத்தான் தேட வேண்டும்.

விடுதலையானவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்? 'முதலாளி பெயரையே வைத்துக்கொண்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. சிலர் அப்படி வைத்தார்கள். சிலர் கடைசி முதலாளியை வெறுத்து, பெற்றோரின் பழைய முதலாளி பெயரை வைத்தார்கள், பிரிந்துபோன உறவுகள் தேடி வர வசதியாக. சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கல்வியாளர் புக்கர் டி.வாஷிங்டன் தன் சுயசரிதையில் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பெயர் சொல்கிறார்கள். அவருக்கு இருந்தது 'புக்கர்' என்ற ஒற்றைப் பெயர்தான். தன் முறை வந்ததும், அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வாழ்நாள் முழுக்க அதுவே பெயர்!

1838-ல் அடிமைத்தளையிலிருந்து தப்பித்த ஃபிரெடரிக் டக்ளஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். பிடிபடாமல் இருக்க பெய்லி என்ற பெயரை விட்டுவிட்டு ஜான்சன் என்று வைத்துக்கொண்டார். போய்ச் சேர்ந்த ஊரில் பார்த்தால், திரும்பின பக்கமெல்லாம் ஜான்சன். குழப்பம் வேண்டாம் என்று டக்ளஸ் ஆனார். பொதுவான ஒரு பெயருக்குள் ஒளிந்துகொள்வது பாதுகாப்பும்கூட, ஆளைத் தொலைத்துவிடும் ஆபத்தும்கூட.

இந்தப் பெயர்களே வேண்டாம் என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு. மால்கம் லிட்டில், தன் ஆப்பிரிக்க மூதாதையரின் தொலைந்துபோன பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' என்று போட்டுக்கொண்டு மால்கம் எக்ஸ் ஆனார். குத்துச்சண்டை வீரர் கேசியஸ் கிளே, 1964-ல் தன் பழைய பெயரை 'அடிமைப் பெயர்' என்று சொல்லி முகமது அலி ஆனார்.

இன்றைய நிலவரம் என்ன?

2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்த நாட்டில் ஸ்மித்கள் 24,42,977 பேர். முதலிடம்! இரண்டாவது இடத்தில் இருக்கும் ஜான்சனைவிட 5 லட்சம் அதிகம். இந்த ஸ்மித்களில் சுமார் 71 சதவிகிதம் பேர் வெள்ளையர்கள், சுமார் 23 சதவிகிதம் பேர் கறுப்பினத்தவர். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கு சுமார் 13 சதவிகிதம்தான். ஸ்மித்களுக்குள் மட்டும் ஏன் 23? மேலே பார்த்த மூன்றாவது வாசல்தான் காரணம். வாஷிங்டன் என்ற பெயரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அந்தப் பெயர் கொண்ட 10 பேரில் கிட்டத்தட்ட 9 பேர் கறுப்பினத்தவர்.

பிரிட்டனில் ஸ்மித்கள் 5 லட்சத்துக்கும் மேல். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் இதுதான் நம்பர் ஒன். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸில் ஜோன்ஸ்தான் முதலிடம். அங்கே அப்பா பெயரை ஒட்டிக்கொள்ளும் பழக்கம் ரொம்ப காலம் நீடித்ததால், தொழில் பெயர்கள் அவ்வளவாக எடுபடவில்லை. ஆஸ்திரேலியாவிலும் ஸ்மித் ராஜ்ஜியம்தான்.

அந்த ராஜ்ஜியம் இப்போது கொஞ்சம் ஆடுகிறது. அமெரிக்காவில் 1990-ல் 100 பேரில் ஒருவர் ஸ்மித். 2010-ல் சுமார் 120 பேரில் ஒருவர். பங்கு குறைகிறது. 2000-ல் முதல் முறையாக கார்சியா, ரோட்ரிகஸ் என்ற இரண்டு ஸ்பானிஷ் பெயர்கள் டாப் 10-க்குள் வந்தன. 2010-ல் மார்ட்டினஸும் சேர்ந்துகொண்டது. நியூசிலாந்தில் சமீப ஆண்டுகளில் பிறக்கும் குழந்தைகளின் குடும்பப் பெயரில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? சிங்! பஞ்சாபி அப்பா அம்மாக்கள், ஸ்மித்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

சரி, நம்ம 'லாஸ்ட் நேம்' என்ன?

பாஸ்போர்ட் அப்ளிகேஷனில், விமான டிக்கெட்டில் 'லாஸ்ட் நேம்' கட்டம் வந்ததும் ஒரு நிமிஷம் கை நிற்கும், இல்லையா? நமக்கு இருப்பது ஒற்றைப் பெயரும் ஓர் இனிஷியலும்தான். அங்கே அப்பா பெயரைப் போடுவோம். அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் நம்மை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள்!

இது தற்செயலாக அமைந்தது இல்லை. இங்கிலாந்தில் ஸ்மித் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, தொழில் விட்டுவிட்டது. இன்று ஒரு ஸ்மித்தைப் பார்த்து 'நீ கொல்லன் மகன்தானே' என்று யாரும் பெஞ்சில் தள்ளி உட்கார வைப்பதில்லை. நம் ஊரில் பெயரின் வாலில் சாதி இருந்தது. அதைச் சொன்னாலே எங்கே உட்கார வேண்டும், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது முடிவானது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் உங்கள் பெயருக்குப் பின்னால் அந்தக் கட்டம் காலியாக இருப்பதில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. காலியாக இருப்பதும் ஒரு சொத்துதான்.

ஆனால், அதில் ஒரு சின்ன நஷ்டமும் இருக்கிறது. இனிஷியல் ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அப்பா பெயர் உங்களோடு இருக்கும். தாத்தா பெயர் அப்பாவோடு நின்றுவிடும். கொள்ளுத்தாத்தா பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொள்ளுப்பாட்டி பெயர்? அது எந்த இனிஷியலிலும் ஏறியதே இல்லை. 1870-ன் சுவரில் முட்டி நிற்பவர்களிடமிருந்து பறித்தார்கள். நாம் கேட்காமலேயே தொலைக்கிறோம்.

பாட்டி வீட்டில் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே பக்கத்தில் உட்காருங்கள். "உங்க அம்மா பேர் என்ன பாட்டி? அவங்க அம்மா பேர்?" என்று கேளுங்கள். போனில் வாய்ஸ் ரெக்கார்டர் இருக்கிறதே, அதை ஆன் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பெயரோடு சேர்ந்து கதையும் வரும்.